பின்சீட்டு அண்ணன்

எனக்குப் பிறந்ததிலிருந்தே வண்டி ஆகாது. மாட்டு வண்டியில் ஏதோ சமாளித்துவிடுவேன். பஸ் என்றால் புறப்பட்டு இரண்டு மைல் தாண்டுவதற்குள் வயிறு புரண்டுவிடும். ஆவுடையார்கோவில் பக்கத்துப் பெண்ணைப் புதுக்கோட்டையில் கட்டிக்கொடுத்தால் வருஷத்துக்கு எத்தனை தடவை அந்தப் பாதையில் போய்வர வேண்டியிருக்கும் என்று என் அப்பா யோசிக்கவே இல்லை. கையில் ஒரு எலுமிச்சம்பழம், மடியில் ஒரு துண்டு, இதுதான் என் பிரயாண ஏற்பாடு. மாமியார் வீட்டில் இதற்காக என்னைக் கேலி செய்யாத ஆள் கிடையாது. கொழுந்தனார் என்னை எலுமிச்சம்பழ அண்ணி என்றே கூப்பிடுவார்.

இந்தச் சங்கடத்தை ஒரு திறமை என்று சொன்ன ஒரே மனிதர் அந்த அண்ணன்தான்.

ஊருக்கு அவர் பாய். பஸ் கம்பெனி ஷெட்டில் மெக்கானிக். எனக்கு அண்ணன். பெயரைச் சொன்னால் எங்கள் ஊரில் இன்றைக்கும் நாலு பேருக்குத் தெரியும். ஆனால் நான் எழுதப்போவதில் அவருக்குப் பெருமை இருக்கிற அளவுக்கு எங்கள் வீட்டுக்குச் சிறுமையும் இருக்கிறது. அதனால் பெயர் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். ஒல்லியாக, உயரமாக இருப்பார். முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். என் வீட்டுக்காரருக்கும் அதே வயதுதான். கைலியும் காக்கி அரைக்கைச் சட்டையும் உடுப்பு. காரில் ஏறுவதற்கு முன்னால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார். இதென்ன கோயிலா என்று என் வீட்டுக்காரர் கேட்டதற்கு, செருப்போடு ஏறினால் வண்டி சொல்வது காலுக்குக் கேட்காது என்றார்.

அவரிடம் ஒரே ஒரு குணம். அதை அச்சாணி என்பதா, கிறுக்கு என்பதா என்று எனக்கு இன்றுவரை தீர்மானமில்லை. ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் தொடுவார். பிரேக்கையும் ஹாரனையும் ஒரே நாளில் சரிசெய்து கொடுங்கள் என்று கேட்ட ஒரு தாசில்தாரை, ஹாரன் நாளைக்கு என்று திருப்பி அனுப்பினவர். ஒரு தடவை பொங்கலுக்கு எங்கள் வீட்டில் சாப்பிட்டார். இலை போட்டு எல்லாம் பரிமாறியாகிவிட்டது. அவர் முதலில் அவரைக்காய்ப் பொரியலை ஒரு துணுக்கு விடாமல் தின்று முடித்தார். பிறகு பூசணிக் கூட்டு. பிறகு அப்பளம். சோறு ஆறிக்கொண்டே இருந்தது. என் மாமியார் பொறுக்கமாட்டாமல், சோத்தோட சேத்துச் சாப்பிட்டா ஆகாதாப்பா என்று கேட்டார்கள். சேர்த்துச் சாப்பிட்டால் எதில் உப்புக் குறைச்சல் என்று தெரியாதே என்றார். பூசணிக் கூட்டில்தான் உப்புக் குறைச்சல். வைத்தது நான்.

கார் எங்களிடம் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த பிறகு எங்கள் ஊரில் பெரிய வீட்டுக் கார்கள் பல கை மாறின. அப்படி மூன்றாம் கையாக எங்கள் அரிசி மில்லுக்கு வந்தது ஒரு இங்கிலீஷ் கார். உலகச் சண்டைக்கு முன்னால் செய்தது. இரண்டு கதவு, நான்கு பேர் உட்காரலாம், பாசிப் பச்சை நிறம். மாமனார் அதை நெல் பார்க்கப் போய்வருவதற்காக வாங்கினார். என் வீட்டுக்காரருக்கு வேறு ஆசை இருந்தது. காரைக்குடிப் பக்கம் சண்டைக் காலத்தில் போட்ட விமான ஓடுதளம் ஒன்று சும்மா கிடந்தது. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அங்கே ஏழெட்டுக் கார்க்காரர்கள் கூடுவார்கள். தார் பீப்பாய்களுக்குச் சுண்ணாம்படித்து வரிசையாக வைத்து, அவற்றைச் சுற்றி வளைத்து ஓட்டிப் பந்தயம் விடுவார்கள். ஓட்டுகிறவரோடு இன்னொரு ஆளும் காரில் இருக்க வேண்டும் என்பது அவர்களாக வைத்துக்கொண்ட விதி. பரிசு ஒன்றும் கிடையாது. ஜெயித்தவரைப் பற்றி ஒரு மாதம் பேசுவார்கள், தோற்றவரைப் பற்றி ஒரு மாதம் சிரிப்பார்கள்.

முதல் தடவை நாங்கள் போனபோது அந்தச் சிரிப்பு எங்கள் பங்குக்கு வந்தது. நேரே போகும்போது கார் நன்றாகத்தான் போயிற்று. பீப்பாயைச் சுற்றித் திரும்பும்போது படகு போலச் சாய்ந்து, பின்பக்கம் ஆடி, இரண்டு பீப்பாய்களை உருட்டிவிட்டது. உங்கள் மில்லில் அரிசி மூட்டைதான் உருளும் என்று நினைத்தேன் என்று திருச்சியிலிருந்து வந்த டாக்டர் ஒருவர் சொன்னார். அவர் மனைவி என் கையிலிருந்த எலுமிச்சம்பழத்தைப் பார்த்து, பூஜை போட்டுவிட்டு ஓட்டியிருக்கலாமே என்று சிரித்தாள். அவளை அன்றைக்கு எனக்குப் பிடிக்கவில்லை. இன்றைக்கும் பிடிக்கவில்லை.

மறுநாளே என் வீட்டுக்காரர் அண்ணனை மில்லுக்கு வரவழைத்தார். அடுத்த மாதத்துக்குள் கார் சாயக் கூடாது, ஆடக் கூடாது, என்ன வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளுங்கள் என்றார். வேறு யாராக இருந்தாலும் ஸ்பானரை எடுத்திருப்பார்கள். அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு, அன்னவாசல் வரைக்கும் ஓட்டுங்கள் என்றார். அன்னவாசலில் என் நாத்தனார் வீடு. அதனால் நானும் முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். அந்தப் பாதை செம்பாறைப் பாதை. ஒவ்வொரு பாலத்திலும் கார் தூக்கிப் போடும். போய்ச் சேருவதற்குள் இரண்டு இடத்தில் நிறுத்த வேண்டியதாயிற்று, என் வயிற்றுக்காக.

அன்னவாசலில் இறங்கியதும் அண்ணன் கேட்டார், வண்டி எப்படி இருந்தது என்று. என் வீட்டுக்காரர் பதில் சொல்ல ஆரம்பித்தார். அண்ணன் மரியாதையாக அவர் முடிக்கும்வரை நின்றுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்க தங்கச்சி. எங்கிட்டுப் பொரட்டுச்சு?"

எனக்குக் கூச்சம். இதையெல்லாமா கேட்பார்கள் என்றிருந்தது. ஆனாலும் சொன்னேன். பாலத்தில் ஏறும்போது ஒன்றுமில்லை, இறங்கின பிறகுதான் மூன்று தடவை ஆடி அடங்குகிறது, அந்த மூன்றாவது ஆட்டத்தில்தான் புரட்டுகிறது என்றேன். திரும்பும்போது முதலில் இடுப்பு ஒரு பக்கம் போகிறது, வயிறு பின்னால் மெதுவாக வருகிறது என்றும் சொன்னேன். என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். அண்ணன் சிரிக்கவில்லை.

"ஓட்டுறவருக்குப் பிடிச்சுக்கிற வளையம் இருக்கு, மிதிக்கிறதுக்குக் கட்டை இருக்கு. பக்கத்துல இருக்கவுகளுக்கு ஒண்ணுமே இல்ல. அதனால அவுகளுக்குத்தான் வண்டி தெரியும். ஒங்களுக்கு வர்றது நோயில்ல தங்கச்சி, கவனம்."

வாந்தி எடுத்ததற்காக ஒருவர் என்னைப் பாராட்டினார் என்பதை நம்ப எனக்கு இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை என்று சொன்னால் நீங்கள் சிரிக்கக் கூடாது.

அடுத்த ஞாயிறு வந்து திட்டம் சொன்னார். மில்லின் சிமெண்டுக் களத்தில் குந்தி உட்கார்ந்து சுண்ணாம்புக் கட்டியால் நான்கு கட்டம் போட்டார். முதல் கட்டம் டயர். இரண்டாவது, அடியிலிருந்து காரைத் தாங்குகிற வில் பட்டைகள் ஆடும் இடத்தில் இருக்கும் ஆணிகளும், அவற்றைச் சுற்றிப் போடும் புஷ்களும். மூன்றாவது, ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சர்பர். நான்காவது, அந்த வில் பட்டைகள். மாதத்துக்கு ஒரு கட்டம் என்று சொல்லிவிட்டு, முதல் கட்டத்தை விட்டுவிட்டு மற்ற மூன்றையும் கையாலேயே அழித்துவிட்டார். நாலையும் இந்த மாதமே செய்துவிட்டால் என்ன என்று என் வீட்டுக்காரர் குதித்தார்.

"செய்யலாம். வண்டி நல்லா ஓடுனா எதனால ஓடுச்சுன்னு தெரியாது. கவுந்தாலும் எதனால கவுந்துச்சுன்னு தெரியாது. பரவாயில்லயா?"

என் வீட்டுக்காரர் சரி, டயரிலிருந்தே ஆரம்பியுங்கள் என்றார். ஆத்திரக்காரர்தான், ஆனால் நியாயம் என்று பட்டால் கேட்டுக்கொள்வார். கேட்டுக்கொள்கிற மாதிரி இருப்பார் என்றும் சொல்லலாம்.

டயர் மாதம் முழுவதும் டயர்தான். களத்தில் கோலமாவைத் தூவி அதன்மேல் காரை உருட்டி, டயர் எவ்வளவு அகலத்துக்குத் தரையைத் தொடுகிறது என்று பார்ப்பார். காற்றைக் கொஞ்சம் குறைப்பார், மறுபடி உருட்டுவார். என் கோலமாவு டப்பா இரண்டு தடவை காலியானது. பிறகு அன்னவாசல் பாதை. என் மடியில் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பிய பித்தளைச் செம்பை வைத்துக்கொள்ளச் சொல்வார். அவர் பின்சீட்டில் கண்ணை மூடிக்கொண்டிருப்பார். எந்தப் பாலத்தில் எந்தப் பக்கம் சிந்தியது என்று நான் சொல்ல வேண்டும். நனைந்த புடவையோடு நாத்தனார் வீட்டுக்குள் போனால், மழையா பெய்தது என்று கேட்பாள்.

நான் சொன்னதற்குமேல் அவர் எதையும் சரிபார்க்க மாட்டார். பட்டையைக் குனிந்து பார்க்கலாம், தட்டிப் பார்க்கலாம். பார்க்கவே மாட்டார். தங்கச்சி சொல்லிட்டாகள்ல என்று எழுந்துவிடுவார். அந்த வீட்டில் நான் வைத்த குழம்பைக்கூட மாமியார் ஒருமுறை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பந்திக்கு அனுப்புவார்கள். என் வாய்ச்சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டவர் அவர் ஒருவர்தான்.

ஒரு நாள் திரும்பி வரும் வழியில் சித்தன்னவாசலில் நிறுத்தினோம். குகையின் கூரையில் தாமரைக் குளமும் மீனும் யானையும் அன்னமுமாக எழுதி வைத்திருக்கிறார்கள். அண்ணன் அண்ணாந்து ஒரு மீனையே பார்த்துக்கொண்டு நின்றார். நாங்கள் எல்லாவற்றையும் பார்த்து, வெளியே போய், கொண்டுபோன வேர்க்கடலையையும் தின்று முடித்துவிட்டு வந்தோம். அவர் அதே இடத்தில் நின்றார். யானையைப் பார்க்கவில்லையா என்றதற்கு, மீனே இன்னும் முடியலயே என்றார்.

எல்லாமே இப்படி வேடிக்கையாக இருந்துவிடவில்லை. ஒரு சமயம் அவர் மகளுக்குக் காய்ச்சல். மூன்று வயதுப் பிள்ளை. டாக்டர் பாட்டிலில் மிக்சரும் மாத்திரையும் பொடியும் கொடுத்திருக்கிறார். இவர் அன்று முழுக்க மிக்சரை மட்டும் கொடுத்துவிட்டு, கேட்கிறதா பார்ப்போம் என்று உட்கார்ந்துவிட்டார். அவர் மனைவி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அழுதபடி எங்கள் வீட்டுக்கு வந்தாள். பிள்ளையின் உடம்பு அனலாகக் கொதித்தது. நான் அவரைக் கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி பேசினேன். பிள்ளையும் காரும் உங்களுக்கு ஒன்றா என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு போய் மற்ற இரண்டு மருந்தையும் எடுத்துவந்தார். பிள்ளை பிழைத்துக்கொண்டது. ஆனால் அன்றைக்கு முதன்முறையாக அவரிடம் எனக்குக் கொஞ்சம் பயம் வந்தது. அந்தப் பயத்தையும் சேர்த்துத்தான் அவரை நினைத்துக்கொள்கிறேன்.

இரண்டாவது மாதம் ஆணியும் புஷ்ஷும். தேய்ந்து போனதையெல்லாம் கழற்றிப் புதிதாகக் கடைந்து போட்டார். அந்த ஞாயிறு ஓடுதளத்தில் நாங்கள் பீப்பாயைத் தொடவில்லை. அதைவிடப் பெரிய விஷயம், நான் வழியில் எங்குமே நிறுத்தச் சொல்லாமல் வீடு வந்து சேர்ந்தேன். கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் அதுதான் முதல் தடவை. எலுமிச்சம்பழத்தைக் கொண்டுபோய் ஊறுகாய்ப் பானையில் போட்டுவிட்டேன்.

மூன்றாவது மாதம் ஷாக் அப்சர்பர். கழற்றிக் கழுவி, கெட்டியான எண்ணெய் ஊற்றி, வியாழக்கிழமை மாட்டினார். அன்றே அன்னவாசல் போய் வந்தோம். பாலம் தாண்டினால் ஒரே ஆட்டத்தில் கார் அடங்கியது. செம்பில் தண்ணீர் அப்படியே இருந்தது. அண்ணன் முகத்தில் ஒரு சந்தோஷம். மறுநாள் ஜும்மா தொழுகை முடிந்ததும் கோட்டைப்பட்டினத்தில் தங்கை கல்யாணத்துக்குப் போவதாகவும், ஞாயிற்றுக்கிழமை அங்கிருந்து பஸ் பிடித்து நேரே ஓடுதளத்துக்கு வந்துவிடுவதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை அவர் பஸ் ஏறின கையோடு என் வீட்டுக்காரர் காரை எடுத்துக்கொண்டு ஆலங்குடி ரோட்டுப் பட்டறைக்குப் போய்விட்டார். எங்கள் ஊரில் எந்த வண்டிக்கு எந்தக் குறை என்றாலும் பட்டறைக்காரர்களிடம் ஒரே மருந்துதான். இன்னொரு பட்டை சேர். பஸ்ஸுக்குள் அறுபது பேர், கூரைமேல் கடலை மூட்டை இருபது என்று ஏற்றுகிற ஊரில் அந்த மருந்து கேட்கத்தான் செய்தது. அதையே எங்கள் காருக்கும் கொடுத்தார்கள். பின்னால் இரண்டு பக்கமும் பக்கத்துக்கு ஒரு பட்டை. அண்ணன் களத்தில் போட்ட நான்காவது கட்டத்தை இவர் தானாகவே எடுத்துக்கொண்டார். சாயங்காலம் வந்தபோது கார் பின்பக்கம் ஒரு விரல் அளவு தூக்கிக்கொண்டு நின்றது. எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது.

பாயிடம் மூச்சு விடாதே, ஜெயித்த பிறகு நானே சொல்லிக்கொள்கிறேன் என்றார். நான் சரி என்றேன். பயத்தில் சரி என்று சொல்லவில்லை. எனக்கும் ஜெயிக்க ஆசையாக இருந்தது. அந்த டாக்டர் பெண்சாதி முகத்தில் ஈயாடக் கூடாது என்று இருந்தது.

ஞாயிறு காலை திருமயம் தாண்டுவதற்குள் எனக்கு இரண்டு தடவை வாந்தி. கார் பின்னாலிருந்து முதுகில் குத்திக் குத்தித் தூக்கியது. பாலத்தில் சக்கரம் தரையை விட்டு எழும்புவது உட்கார்ந்த இடத்திலேயே தெரிந்தது. கதவில் பட்டதை என் வீட்டுக்காரர் துண்டை நனைத்துத் துடைத்தார்.

அண்ணன் வந்து சேர்வதற்குள் கார்களை வரிசையில் நிறுத்திவிட்டார்கள். பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஒரு மைல் வெயிலில் ஓட்டமும் நடையுமாக வந்திருக்கிறார். கல்யாணத்துக்கு உடுத்திய வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. செருப்பைக் கழற்றிக்கொண்டே என்னிடம் வந்தார்.

"வர்ற பாதையில எப்படி இருந்துச்சு தங்கச்சி?"

என் வீட்டுக்காரர் ஓட்டும் இடத்தில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா இருந்துச்சுண்ணே."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் பின்சீட்டில் ஏறிக்கொண்டார். ஒருமுறை குனிந்திருந்தால் தெரிந்திருக்கும். நான் சொன்ன பிறகு அவர் குனிகிற வழக்கமில்லை.

நான் தள்ளிப்போய் வேடிக்கை பார்க்கிறவர்களோடு நின்றுகொண்டேன். முதல் திருப்பத்தில் கார் கொஞ்சம் துள்ளியது. இரண்டாவதில் பின்பக்கம் அகலமாக வழுக்கி எப்படியோ நேரானது. மூன்றாவது திருப்பத்தில் பின்பக்கம் முன்னால் வந்துவிட்டது. கார் அப்படியே சுழன்று, தளத்தின் ஓரத்துச் செம்மண்ணில் இறங்கி, ஒரு பக்கமாகக் கவிழ்ந்தது. அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. என் வீட்டுக்காரருக்குப் புருவத்தில் ஒரு வெட்டு. அண்ணனுக்கு வலது மணிக்கட்டு ஒடிந்துபோனது. மெக்கானிக்குக்கு வலது கை.

அதன் பிறகு நடந்ததை எழுதத்தான் கை வரவில்லை. காரை லாரியில் கட்டி இழுத்துவந்து மில்லில் போட்டார்கள். மறுநாளே என் வீட்டுக்காரர் பட்டறை ஆளை வரவழைத்துச் சேர்த்த பட்டைகளைக் கழற்றி எடுத்துவிட்டார். பாயின் ஷாக் அப்சர்பர் வேலைதான் காரைக் கவிழ்த்தது என்று ஊரெல்லாம் பேச்சு. ஒரு காரைக் கவிழ்த்தவன் கையில் அறுபது பேர் ஏறுகிற பஸ்ஸைக் கொடுக்க மாட்டேன் என்று பஸ் முதலாளி அண்ணனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். அண்ணன் எதிர்த்துப் பேசவில்லையாம். என் வேலையிலதான் தப்பு இருக்கணும் என்று அவரே சொல்லிவிட்டு வந்தாராம்.

மாவுக்கட்டுப் போட்ட கையோடு ஒரு நாள் மில்லுக்கு வந்தார். மல்லாந்து படுத்து ஒற்றைக் கையால் தள்ளித் தள்ளிக் காருக்கு அடியில் போனார். ஒரு மணி நேரம் அங்கேயே கிடந்தார். வெளியே வந்தபோது முகமெல்லாம் செம்மண். எல்லாம் வச்சது வச்சபடியே இருக்கு, ஒண்ணும் புரியலயே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மில் ஆளிடம் ஷாக் அப்சர்பர்களைக் கழற்றச் சொல்லி, சாக்கில் சுற்றி இடது கையில் எடுத்துப்போனார். நான் சன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அன்று ராத்திரி, அண்ணனிடம் உண்மையைச் சொல்ல வேண்டாமா என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். சொல்லத்தான் வேண்டும், புருவம் ஆறட்டும் என்றார். ஆறியது. நெல் வரத்து முடியட்டும் என்றார். முடிந்தது. இனி இவர் சொல்லப்போவதில்லை என்று தெரிந்த அன்றைக்கு, ஒரு ஜட்கா வண்டியைப் பிடித்துக்கொண்டு நான் தனியாகப் பஸ் கம்பெனிக்குப் போனேன். டிரைவர்களும் கண்டக்டர்களும் டீ குடித்துக்கொண்டு நிற்கிற நேரம். முதலாளி உள்ளே வந்து பேசுங்கள் என்றார். இங்கேயே பேசுகிறேன் என்றேன். பட்டை சேர்த்தது, அதை மறைத்தது, அவர் கேட்டபோது நான் பொய் சொன்னது, பிறகு பட்டையைக் கழற்றி எடுத்தது, எல்லாவற்றையும் சொன்னேன். என் வீட்டுக்காரர் அதற்குப் பிறகு பத்து நாள் என்னோடு பேசவில்லை. பதினோராவது நாள் அவரே போய் அண்ணனைப் பார்த்துவிட்டு வந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கம்பெனியிலிருந்து அதே வண்டியில் நேராக அண்ணன் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் பழைய பேப்பரை விரித்து, ஷாக் அப்சர்பரைப் பிரித்துப் போட்டு, இடது கையால் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். நான் நின்றபடியே சொல்லி முடித்தேன். கையிலிருந்த துணியை அவர் கீழே வைத்தார்.

"மொத வளைவுலயே தெரிஞ்சுச்சு தங்கச்சி. பின்னாடி துள்ளுது, நிறுத்துங்கன்னு சொல்ல வாயெடுத்தேன். நீங்க நல்லா இருந்துச்சுன்னு சொன்னீங்களே, அப்ப எனக்குத்தான் சரியாத் தெரியல போலன்னு இருந்துட்டேன்."

குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் அழுதுவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள் அண்ணே என்றேன்.

"இப்ப வண்டிக்கு என்னன்னு தெரிஞ்சுபோச்சு. இன்னக்கி இதுவே பெருசு. மத்தத அப்பறம் பாப்போம்."

கட்டு அவிழ்த்ததும் அவர் வேலைக்குத் திரும்பினார். முதலாளியே ஆள் அனுப்பிக் கூப்பிட்டுக்கொண்டார். மணிக்கட்டு மட்டும் பழைய மாதிரி முழுசாகத் திரும்பவில்லை. ஸ்பானரை இரண்டு தடவையாகப் பிடித்துத் திருப்புவார். எங்கள் காரையும் அவர்தான் நிமிர்த்திக் கொடுத்தார். மறுபடி அன்னவாசல் பாதை, மறுபடி பின்சீட்டு. தங்கச்சி, எங்கிட்டு இடிச்சுச்சு என்று மறுபடி என்னிடம்தான் கேட்டார். நானும் கூடக்குறைச்சல் இல்லாமல் சொன்னேன். நான் சொல்லி முடித்ததும் இப்போதெல்லாம் ஒருமுறை குனிந்து பட்டைகளைப் பார்ப்பார். பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். தவறு ஒன்றுமில்லை, அப்படித்தான் பார்க்க வேண்டும். நான்தான் ஒவ்வொரு தடவையும் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

நான்கு வருஷம் இப்படிப் போனது. மன்னிப்புக் கேட்டதற்கு அப்புறம் பார்ப்போம் என்றாரே, அது எப்போது வரும் என்று நானும் காத்துக்கொண்டே இருந்தேன். அவர் எதையும் மறக்கிறவர் இல்லை. அதன் பிறகு அவருடைய மைத்துனர் பினாங்கிலிருந்து ஏற்பாடு செய்து குடும்பத்தோடு கூப்பிட்டுக்கொண்டார். பயணம் சொல்ல வந்த அன்று என் வீட்டுக்காரரோடு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். வாசலுக்கு வந்து, வாரேன் தங்கச்சி என்றார். நானாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அங்கிருந்து இரண்டு கடிதம் வந்தது. இரண்டும் என் வீட்டுக்காரர் பெயருக்கு. இரண்டாவதன் கடைசியில், தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்லவும் என்று ஒரு வரி. பிறகு கடிதமும் இல்லை, சேதியும் இல்லை. அந்த ஒரு வரியைத்தான் மன்னித்துவிட்டார் என்று நான் இத்தனை வருஷமாக வைத்துக்கொண்டிருக்கிறேன். அவரிடம் சொன்னால், அதை வைத்து அப்படி முடிவுகட்ட முடியாது தங்கச்சி என்றுதான் சொல்வார்.